தேசிங்கின் கண்ணுக்கு நான் கலந்த கரைசல்

கான்டாக்ட் லென்ஸைக் கழுவி ஊறவைக்கும் திரவம் இப்போது மருந்துக் கடைகளில் வரிசையாக நிற்கிறது. நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கண் மருத்துவமனைக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். அங்கே மருந்தறையைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் ஆறு விதமான பாட்டில்களை மேசைமேல் வைத்துக்கொண்டு, எது கண்ணை எரிக்காது என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனிக்காரர்கள் ஒவ்வொருவரும் தங்களுடையது எரியவே எரியாது என்று சொல்லிவிட்டுப் போகிறார்களாம். உங்கள் காலத்தில் எதைக் கொடுத்தீர்கள் சார் என்று என்னைக் கேட்டார்கள். எங்கள் காலத்தில் பாட்டில் கடைக்கு வராது, நான்தான் கலப்பேன் என்றேன். அப்படியானால் எரிந்தால் யாரைத் திட்டுவார்கள் என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்துவிட்டோம். வீட்டுக்கு வந்த பிறகு, அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் எழுதித்தான் பார்ப்போமே என்று தோன்றியது.

நான் புளியந்தோப்பில் பிறந்தவன். அப்பா மில் தொழிலாளி. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மருந்தறையில் இரண்டு வருஷம் நிறுத்து, கரைத்து, வடிகட்டி, சீட்டு ஒட்டக் கற்றுக்கொண்டு, கம்பவுண்டர் பரீட்சையும் தேறினேன். சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் ஒரு லேடி டாக்டர் கண் வைத்தியசாலை நடத்துகிறார், கை சுத்தமான ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். டாக்டர் மரகதம் என் சான்றிதழைப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். நகங்களைப் பார்த்தார். ஒரு கிராம் உப்பை நிறுக்கச் சொன்னார். தராசு முள் நிற்கும்வரை நான் காத்திருந்ததைப் பார்த்துவிட்டு, நாளைக்கு வாங்க என்றார்.

டாக்டரம்மா குரலை உயர்த்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை. பெருக்குகிறவரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். ஆனால் அவர் கேட்கும் ஒரு கேள்விக்கு வைத்தியசாலையே பயப்படும். நாம் எதையாவது சொன்னதும், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தபடி, "பாத்தீங்களா, நெனைக்கிறீங்களா?" என்பார். பார்த்தேன் என்றால் மேலே சொல்ல வேண்டும். நினைக்கிறேன் என்றால் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

நான் சேர்ந்த மறு வருஷம் லண்டனிலிருந்து ஒரு பெட்டி வந்தது. வெல்வெட் பள்ளங்களில் பிளாஸ்டிக் கிண்ணங்கள். ஒவ்வொன்றும் அந்தக் காலத்து ஓட்டைக் காலணா அளவு இருக்கும். இதுதான் லென்ஸ், கண்ணுக்குள் வைப்பது என்றார் டாக்டரம்மா. இன்றைய லென்ஸ் கருவிழிமேல் மட்டும் உட்காருகிறது. அன்றையது வெள்ளைவிழியையும் சேர்த்து மூடும். லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவில் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் காற்றுக்குமிழி இல்லாமல் திரவம் நிரம்பி நிற்க வேண்டும்.

டாக்டரம்மா அதை முதலில் தம் கண்ணில் போட்டுப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். எதைக் கலக்கப் போகிறேன் என்று என் கண்ணுக்கும் தெரிய வேண்டுமாம். மேசைமேல் கண்ணாடியைப் படுக்கவைத்து, முகம் தரையைப் பார்க்கக் குனிந்தேன். மூன்று விரல் நுனியில் லென்ஸை நிறுத்தி, விளிம்பு வரை திரவம் ஊற்றி, சிந்தாமல் மேலே கொண்டுபோய், கண்ணை மூடாமல் பதிக்க வேண்டும். நான் ஏழு தடவை சட்டையை நனைத்துக்கொண்டேன். எட்டாவது தடவை உட்கார்ந்தது. கண்ணுக்குள் ஒரு தட்டை வைத்துக்கொண்டு நடப்பது போல இருந்தது. அன்று முழுக்க என்னைப் பார்த்து நர்ஸம்மா சிரித்துக்கொண்டே இருந்தார்.

திரவம் இரண்டு வகை. ஒன்று உப்புக் கரைசல், மற்றது சோடா உப்புக் கரைசல். சமையலுக்குப் போடுகிற சோடா உப்புதான், ஆனால் மருந்துத் தரம். சில கண்களுக்கு உப்புக் கரைசல் ஒத்துக்கொள்ளும். சில கண்களில் அதை ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் பனி மூடி, விளக்கைச் சுற்றி வானவில் வட்டம் தெரியும். அவர்களுக்குச் சோடா உப்பு ஊற்றினால் கூடுதல் நேரம் தாங்கும். யாருக்கு எது என்று புத்தகம் சொல்லாது, அந்தந்தக் கண்தான் சொல்லும். செய்முறையை டாக்டரம்மா தம் கையால் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். வடித்த நீரைக் கொதிக்கவை. ஆறவிடு. ஆறிய பிறகு நிறுத்த உப்பைக் கரை. வடிகட்டு. கொதிக்கவைத்துக் காய்ந்த பாட்டிலில் ஊற்று.

லென்ஸ் போட்டவர்கள் அப்போது ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். அவர்களில் திருவொற்றியூரிலிருந்து வந்த வயலின் வாத்தியார் ஒருவர். தடித்த கண்ணாடியோடு கச்சேரியில் உட்காரப் பிடிக்காமல் லென்ஸுக்கு வந்தவர். உப்புக் கரைசல் அவருக்குப் பிரமாதமாக ஒத்துக்கொண்டது. ஒருநாள் இரண்டு கண்ணும் தக்காளிப்பழமாகச் சிவந்து, வழியெல்லாம் அழுதுகொண்டே வந்து நின்றார். கரைசல் தீர்ந்துவிட்டதாம். குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று பன்னீரை ஊற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறார். டாக்டரம்மா லென்ஸை எடுத்து, கண்ணைக் கழுவிவிட்டு, கச்சேரிக்கு வருகிறவர்கள்மேல் தெளிப்பதை நீங்கள் எதற்குக் கண்ணில் ஊற்றிக்கொண்டீர்கள் என்று கேட்டார். அழுத கண்ணோடே வாத்தியார் சிரித்தார். அன்று வைத்தியசாலை முழுக்கக் கல்யாண வீட்டு வாசனை.

தேசிங்கு வந்தது அதற்குப் பிறகு. எண்ணூர் பக்கம் நெட்டுக்குப்பத்துக்காரர், இருபத்தெட்டு வயது. அப்பா, சித்தப்பா, அண்ணன் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். அந்தக் குடும்பத்தில் முதல் மாதச் சம்பளக்காரர் இவர்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். ஒருநாள் பஞ்சுப் பொதிகளை இறக்கும்போது வண்டிக்கு இரண்டடி தள்ளி இறக்கிவிட்டார். யாருக்கும் அடி படவில்லை. ஆனால் துறைமுகத்து மருத்துவர் கண்ணைச் சோதித்துவிட்டு, அவரைக் கிரேனிலிருந்து இறக்கி ஷெட் கூட்டுகிற வேலைக்கு அனுப்பிவிட்டார். மூன்று மாதம் தவணை. அது முடியும் நாளில் மறுபடி சோதனை. பார்வை சரியாகியிருந்தால் பழைய வேலை, இல்லாவிட்டால் வேலையே இல்லை.

தேசிங்கின் கருவிழி இரண்டும் கூம்பு போலக் குவிந்திருந்தன. அதற்கு எந்த மூக்குக் கண்ணாடியும் உதவாது. லென்ஸ் ஒன்றுதான் வழி. லண்டன் பெட்டியில் இரண்டு கிண்ணங்கள் அளவெடுத்துச் செய்தது போல அவருக்குப் பொருந்தின. போட்டுவிட்டு நிமிரச் சொன்னதும் அவர் சுவரில் இருந்த எழுத்து அட்டையைப் பார்க்கவில்லை. எதிரில் நின்றவரைப் பார்த்தார்.

"டாக்டரம்மா, நீங்க மூக்குத்தி போட்டுகினு கீறீங்களா? இத்தினி நாளா எனக்குத் தெரியவே தெரியாது."

உப்புக் கரைசல் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, சோடா உப்பு ஒத்துக்கொண்டது. மூன்று மணி நேரம் போட்டிருப்பார். கழற்றிப் புதுக் கரைசல் ஊற்றிப் போட்டால் இன்னும் மூன்று மணி நேரம். நடுவில் சாப்பாட்டு நேரம் போக, ஒரு ஷிப்டுக்குப் போதும். ஒன்றரை மாதம் எல்லாம் நன்றாக நடந்தது.

அப்போதுதான் ஒருநாள் தேசிங்கு திருப்பிக் கொடுத்த பாட்டிலில், அடியில் தங்கியிருந்த கொஞ்சம் கரைசலில் நூல் போல ஒரு பூஞ்சை மிதந்ததைப் பார்த்தேன். அது கண்ணுக்குள் போயிருந்தால் என்ன ஆவது? டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் கை சுத்தத்தை அவர் சந்தேகித்துவிடுவாரோ என்ற பயம். நானே ஒரு முடிவு எடுத்தேன். இனிமேல் கரைசலைக் கலந்து பாட்டிலில் ஊற்றிய பிறகு, பாட்டிலோடு வெந்நீரில் நிறுத்தி அரை மணி நேரம் கொதிக்கவைத்துவிடுவது. எந்தப் பூஞ்சையும் தப்பாது. அப்படியே செய்தேன். உப்புக் கரைசலுக்கும் அதே வைத்தியம்தான்.

இரண்டு நாளில் தேசிங்கு சிவந்த கண்ணோடு வந்தார். லென்ஸ் போட்ட பத்தாவது நிமிஷம் எரிகிறது, ஒரு மணி நேரத்தில் எல்லாம் புகையாகிவிடுகிறது, ஒரே பேஜாராக இருக்கிறது என்றார். டாக்டரம்மா லென்ஸின் விளிம்பைச் சோதித்தார். கண்ணைச் சோதித்தார். இரண்டு நாள் லென்ஸ் போடாமல் இருக்கச் சொன்னார். சிவப்பு தணியும். மறுபடி போட்டால் மறுபடி எரியும். இப்படியே மூன்று வாரம் ஓடியது. தவணைக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

வயலின் வாத்தியார் அதே மாதம் வந்து, கண் ஜம்மென்று இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். ஆகவே கரைசலில் குற்றமில்லை என்று எனக்கு உறுதியாகிவிட்டது. குற்றம் தேசிங்கின் கையில்தான் இருக்க வேண்டும். ஒருநாள் மருந்தறை வாசலில் நிறுத்தி அவரிடம் சொல்லியே விட்டேன். மீன் நாற்றம் போகக் கையைக் கழுவிவிட்டு லென்ஸைத் தொட வேண்டும், இது வலை இழுக்கிற வேலை இல்லை என்றேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். இதை எழுதுகிறபோதும் அந்தக் கைகள் பின்னால் போனது எனக்குத் தெரிகிறது. பள்ளிக்கூடத்தில் தண்ணீர்ப் பானை பக்கம் போனதற்காக, நீ அழுக்கு, தள்ளி நில் என்று கேட்டு வளர்ந்தவன் நான். அதே வார்த்தையை வேறு சட்டை போட்டு இன்னொருவர்மேல் வீசியிருக்கிறேன்.

அன்று மாலை டாக்டரம்மாவிடம், தேசிங்கு சுத்தமாக இருப்பதில்லை, அதுதான் காரணம் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாத்தீங்களா, நெனைக்கிறீங்களா?"

நினைக்கிறேன் என்றேன். நாளைக்கு உங்களுக்கு இங்கே வேலை இல்லை, நெட்டுக்குப்பம் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்.

எண்ணூரில் ரயிலை விட்டு இறங்கி, உப்பளங்களைத் தாண்டி, முகத்துவாரத்து மணலில் நடந்து போனேன். கரையில் கட்டுமரங்கள் காய்ந்துகொண்டிருந்தன. தேசிங்கு வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவி பூங்காவனம் வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். கண்ணாஸ்பத்திரி கம்பவுண்டர் என்றதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். லென்ஸை எப்படிக் கழுவுகிறீர்கள், எங்கே வைக்கிறீர்கள் என்று பார்க்க வந்தேன் என்றேன்.

அவர் காட்டினார். கூரை வாரையிலிருந்து கயிற்றில் ஓர் அலுமினிய டிபன் டப்பா தொங்கியது. பிள்ளைகள் கைபடாமல், மணல் பறந்து விழாமல் இருக்க அந்த ஏற்பாடு. அதற்குள் வெள்ளைத் துணி, துணிக்குள் லென்ஸ் பெட்டி, பக்கத்தில் நான் கொடுத்த பாட்டில். கை கழுவுவதற்கென்று ஊற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்த ஒரு தனிச் செம்பு, அதற்கு ஒரு மூடி. கை துடைக்கத் தனித் துண்டு. லென்ஸில் சோப்பு படவே கூடாது என்று டாக்டரம்மா சொன்னதற்காக, லென்ஸ் போடுகிற நாளில் தேசிங்கு முகத்துக்குக்கூடச் சோப்பு போடுவதில்லையாம். என் மருந்தறையில் இல்லாத ஒழுங்கு அந்தக் குடிசையில் இருந்தது.

புறப்படலாம் என்று எழுந்தேன். பூங்காவனம் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்.

"அண்ணா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. மின்ன குடுத்த மருந்து வேற, இப்ப குடுக்குறது வேற. மின்ன கையில பட்டா சும்மா தண்ணி மாதிரி இருக்கும். இப்ப வயவயன்னு கீது. நான் துணி தொவைக்கிற சோடா இருக்கு பாருங்க, அதே மாதிரி."

அவர் பாட்டிலைத் திறந்து என் விரலில் இரண்டு சொட்டு விட்டார். வாசலில் இருந்த சலவைச் சோடாத் தண்ணீரில் இன்னொரு விரலைத் தொடச் சொன்னார். இரண்டையும் தேய்த்துப் பார்த்தேன். வழுவழுப்பில் வேறுபாடு சொல்ல முடியவில்லை.

அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். பயிற்சிக் காலத்தில் படித்த ஒரு வரி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சோடா உப்பைக் கரைத்த பிறகு கொதிக்கவைத்தால் அதிலிருந்து வாயு போய்விடும். மிஞ்சுவது சலவைச் சோடா. அதனால்தான் டாக்டரம்மா முதலில் நீரைக் கொதிக்கவை, ஆறிய பிறகு கரை என்று எழுதி ஒட்டியிருந்தார். சாதாரண உப்பு கொதித்தாலும் உப்பாகவே இருக்கும். அதனால் வயலின் வாத்தியாரின் கண் தப்பித்தது. தேசிங்கின் கண்ணில் மூன்று வாரமாக நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.

என்னண்ணா, மயக்கமா என்று கேட்டுப் பூங்காவனம் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்துவிட்டு, உங்கள் வீட்டில் ஒரு குற்றமும் இல்லை அம்மா, குற்றம் என்னுடையது என்றேன். அவர் புரிந்தும் புரியாமலும் தலையாட்டினார். அந்தப் பாட்டிலை வாங்கிக்கொண்டு திரும்பினேன். வேலை போய்விடும் என்று ரயிலில் மனசு சொல்லிக்கொண்டே வந்தது. கரைசலைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டு ஒன்றும் தெரியாதது போல இருந்துவிடலாமா என்றும் ஒரு எண்ணம் வந்தது. தண்டையார்பேட்டை வரைக்கும் அது கூடவே வந்தது. ராயபுரத்தில் இறங்கியபோது அதை விட்டுவிட்டேன்.

டாக்டரம்மாவிடம் பூஞ்சையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பார்த்தீர்களா என்று கேட்பதற்கு முன்னாலேயே, பார்த்துக் காட்டுகிறேன் என்று இரண்டு கண்ணாடிக் குவளைகளை வைத்தேன். ஒன்றில் செய்முறைப்படி அப்போதே கலந்த கரைசல். மற்றதில் நெட்டுக்குப்பத்துப் பாட்டில். காரம் இருந்தால் சிவக்கிற ஒரு மருந்து உண்டு, பினால்ப்தலீன் என்று பெயர். அதை இரண்டு குவளையிலும் இரண்டிரண்டு சொட்டு விட்டேன். முதல் குவளையில் நிறம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. இரண்டாவது பீட்ரூட் சாறு மாதிரி ஆகிவிட்டது.

டாக்டரம்மா பாட்டிலில் மிச்சமிருந்த கரைசலைச் சொட்டுக்குழாயில் எடுத்து, தலையை நிமிர்த்தி, தம் வலது கண்ணில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டார். நான் தடுப்பதற்குள் நடந்துவிட்டது. கண்ணை மூடாமல் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தார். தாரை தாரையாக நீர் கொட்டியது. குழாயை என்னிடம் நீட்டினார். நானும் விட்டுக்கொண்டேன். சுரீர் என்று பிடித்தது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து கண்ணீர் வடித்தோம். எட்டிப் பார்த்த நர்ஸம்மா, யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"இப்ப ரெண்டு பேரும் பாத்துட்டோம்," என்றார் டாக்டரம்மா. கண்ணைக் கழுவிக்கொண்டு வந்து மேலும் சொன்னார்: "பூஞ்சைய அன்னைக்கே எங்கிட்ட காட்டியிருந்தீங்கன்னா, சின்ன பாட்டிலா குடுங்கன்னு சொல்லியிருப்பேன். அவ்வளவுதான் விஷயம்."

என்னைத் திட்டியதெல்லாம் அந்த ஒரு வாக்கியம்தான். அன்றிலிருந்து கரைசல் சின்னப் பாட்டில்களில், இரண்டு நாளைக்கு மட்டும். மிச்சம் இருந்தால் கொட்டிவிட வேண்டும். ஒவ்வொரு பாட்டில் சீட்டிலும் கலந்த நேரமும் கலந்தவர் பெயரும் இருக்க வேண்டும். முதல் நாள் என் பெயரை எழுதி ஒட்டிவிட்டு, அந்தச் சீட்டை ஒரு தடவை உரக்கப் படித்துப் பார்த்தேன்.

மறுநாள் தேசிங்கு வந்தார். மருந்தறைக்குள் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்து, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"மருந்து மாறிப்போறது யாருக்கும் வரும் சார். மீன் நாத்தம்னீங்க பாருங்க, அதாண்டா பேஜாராப் போச்சின்னு என் தோஸ்துகிட்டகூட சொல்லிகினு இருந்தேன். பூங்காவனத்துகிட்ட மட்டும் சொல்லல. சொல்லியிருந்தா உங்களுக்கு அன்னிக்குத் தண்ணி குடுத்திருக்க மாட்டா."

அவர் நிமிர்ந்து பார்த்தபோது முகத்தில் சிரிப்பு இருந்தது. எனக்குச் சிரிக்க வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நாலு நாள் கண்ணுக்கு ஓய்வு. ஐந்தாம் நாள் புதுக் கரைசலோடு லென்ஸ் போட்டோம். ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி நேரம் ஆயிற்று. எரியவில்லை. புகையவில்லை. தேசிங்கு ஒவ்வொரு மணிக்கும் மருந்தறைக்கு வந்து, இமையை விரித்து வெள்ளைவிழியைக் காட்டிவிட்டுப் போனார்.

சோதனை நாளில் டாக்டரம்மா எழுதிய கடிதத்தோடு நானும் துறைமுகத்துக்குக் கூடப் போனேன். அங்கிருந்த மருத்துவர் பெரிய மீசைக்காரர். லென்ஸ் என்ற ஒன்றை அவர் கண்ணால் கண்டதில்லை. கடிதத்தை இரண்டு தடவை படித்தார். காலை பத்து மணிக்கு ஒரு சோதனை, பகல் இரண்டு மணிக்கு இன்னொரு சோதனை, அதுவரை கிளார்க் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றார். பத்து மணிக்குத் தேசிங்கு அட்டையின் கடைசி வரி வரை படித்தார். பன்னிரண்டரைக்கு ஒரு தடவை கழற்றிப் புதுக் கரைசல் ஊற்றிப் போட்டுக்கொண்டார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. கிளார்க் தம் சாப்பாட்டை மறந்து வேடிக்கை பார்த்தார்.

இரண்டு மணிக்குக் கண் வெள்ளையாகவே இருந்தது. அட்டையை மறுபடி கடைசி வரை படித்தார். மருத்துவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மூன்று மாதத்தில் இந்த அட்டையை நெட்டுருப் போட்டிருப்பாய் என்றார். ஜன்னலைத் திறந்துவைத்து, தூரத்தில் கட்டியிருந்த கப்பலைக் காட்டி, அதன் பெயரைச் சொல் என்றார். தேசிங்குக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, எழுத்து மட்டும் தெரியும். எழுத்தெழுத்தாகச் சொன்னார். கிளார்க் எழுதிக்கொண்டு, கப்பல் பதிவேட்டோடு ஒத்துப்பார்த்துத் தலையாட்டினார். போதும் என்றார் மருத்துவர். தேசிங்குக்குப் போதவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கப்பல் மேல்தட்டுல, கயிறு சுத்திவெச்ச எடத்துக்குப் பின்னால ஒர்த்தன் குந்திகினு பீடி வலிச்சிகினு கீறான் சார். எங்க செட்டு ஆளுதான். பேரு மட்டும் கேக்காதீங்க."

மருத்துவர் எழுந்து வந்து, கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தார். தமக்குக் கப்பல்தான் தெரிகிறது என்று சொல்லிவிட்டு, மேசைக்குத் திரும்பிப் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.